நாரை விழும் இடம்

மார்ச் 3

வாண்டுக்கு,

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு அம்மா மூக்குக்கண்ணாடி வாங்கக் காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.

காலையில் ஹாரன் மாமா வந்தார். அப்பா கண்டக்டராக இருந்த பஸ்ஸை ஓட்டியவர். அப்பாவைவிட நம்மை அதிகம் அதட்டியவர் என்பதால் மறந்திருக்க மாட்டாய். இப்போது உன் ஊர் வழித்தடத்தில் ஓட்டுகிறார். போனை நீட்டி, "தம்பி, இதைப் பாரு, ஊரே பார்த்துச் சிரிக்குது" என்றார்.

பார்த்தேன். ஒரு நாரை. தோளில் தோல் பை, காதில் பென்சில். ஓடுகிற பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடிக்காமல் நடந்து வருகிறது. இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறது. அதே பக்கக் கையை மார்போடு ஒட்டி வைத்திருக்கிறது. கீழே யாரோ, 'அந்தக் கால் வர்ற அழகைப் பாருங்கப்பா' என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஏதோ ஒரு ஸ்டூடியோவின் பெயர், அதன் கீழே வரைந்தவர் என்று உன் பெயர்.

டிப்போவில் அப்பாவுக்கு என்ன பட்டப்பெயர் என்று உனக்குத் தெரியும். அந்த நீளக் கால்களுக்காக வைத்தது. பக்கவாதம் வந்த பிறகு அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பா நடக்கிற வீடியோவை நான் உனக்கு எதற்கு அனுப்பினேன்? தூரத்தில் இருக்கிறாள், பார்த்தால் மனம் ஆறும் என்று. நீ அதை வைத்துப் படம் காட்டிவிட்டாய்.

அப்புறம், லிஃப்ட் கம்பெனி வேலை என்ன ஆயிற்று? இந்த ஸ்டூடியோ எப்போது முளைத்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். போன வாரம்கூட "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திண்ணா" என்றாய்.

போன் செய்யாதே, செய்தியும் அனுப்பாதே, என் போனை அப்பாவும் வாங்கிப் பார்ப்பார். நம் வீட்டுச் சுவர் எப்படி என்று தெரியும், நான் குளியலறையில் தும்மினால் அப்பா படுக்கையிலிருந்து கேட்பார். அவர் மனம் நோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்ல வேண்டியதை எழுதி மாமாவிடம் கொடு, கடைக்கு வரும். அந்த நாரையை உடனே இணையத்திலிருந்து எடு.

அண்ணன்

*

மார்ச் 5

அண்ணனுக்கு,

மாமா பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஹாரனே அடிக்காமல் போனார். நீ எவ்வளவு கோபமாக இருக்கிறாய் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஆமாம், பொய் சொன்னேன். லிஃப்ட் கம்பெனியை விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் நீ என்ன கேட்டிருப்பாய்? "அப்பா இப்படி இருக்கும்போதா உனக்குப் பொம்மை போடத் தோணுது?" கேட்டிருப்பாய்தானே. அதற்குப் பயந்துதான் மறைத்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. கம்பெனியில் நான் வரைந்ததெல்லாம் குழி, கதவு, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி. ஒரு நாள் மேனேஜர், லிஃப்டுக்குள் இருக்கிற சின்னத் திரையில் ஓட்ட ஒரு படம் கேட்டார். ஒரு ஆள் உள்ளே வந்து பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தேன். அந்த ஆள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி வந்து அமுக்கினான். கை சும்மா இருக்காமல், பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் அவன் விரலைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். அண்ணா, அவன் யோசித்தான்! நான் கோடு கோடாக வரைந்த ஒருத்தன், எந்த மாடிக்குப் போவது என்று யோசித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு குழியும் கதவும் என்னால் வரைய முடியவில்லை. வரைந்தேன், ஆனால் உயிரில்லாமல் வரைந்தேன்.

இங்கே என்னைப் பயிற்சிக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். வேலை உறுதியாக ஒரு தேர்வு வைத்தார்கள். வசனம் கிடையாது, முகத்தைக் கிட்டத்தில் காட்டக் கூடாது. ஒருவர் நடக்க வேண்டும், அவர் யாரென்று நடையே சொல்ல வேண்டும். மற்றவர்கள் திருடன், கல்யாணப் பெண், குடிகாரன் என்று போட்டார்கள். எனக்கு ஒரே ஒரு நடைதான் தெரியும்.

நீ காலை மட்டும் பார்த்தாய். காலை இழுத்து வைக்கிற நேரத்தில் அப்பா தலையை நிமிர்த்துகிறாரே, அதைப் பார்த்தாயா? ஒரு தடவைகூட அவர் காலைக் குனிந்து பார்ப்பதில்லை. கால் பாட்டுக்கு வரட்டும், நான் பயணிகளைப் பார்க்கிறேன் என்கிற மாதிரி. ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படம் என்று அந்த வீடியோக்களைப் பிரித்துப் பார்த்தவள் நான். அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தபோதுகூட நான் அவரை இவ்வளவு பார்த்ததில்லை. இதைக் கேலி என்று சொல்லாதே.

நாரையை வைத்து ஒரு முழுப் படம் எடுக்கலாம் என்கிறார்கள். நடையெல்லாம் என் பொறுப்பு. நாரையை நீக்க மாட்டேன் அண்ணா. கோபித்துக்கொள்.

வாண்டு

*

மார்ச் 7

உனக்கு,

ஸ்டூடியோ எண் அவர்கள் இணையப் பக்கத்திலேயே இருந்தது. கூப்பிட்டேன். அது எங்கள் அப்பா, உடம்பு முடியாதவர், அவர் வீடியோவிலிருந்து அவரைக் கேட்காமல் செய்தது என்று சொன்னேன். ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

உனக்கு ஆசை என்று ஒன்று கிடைத்திருக்கிறது, சந்தோஷம். எனக்குக் கிடைத்தால் எங்கே வைப்பேன்? வீட்டில் இடமில்லை.

அண்ணன்

*

மார்ச் 10

அண்ணனுக்கு,

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

அந்த அம்மாதான் எங்கள் டைரக்டர். என்னை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "இது யாரோட நடை?" என்று கேட்டார். சொன்னேன். "அவருக்குத் தெரியுமா?" என்றார். தலையைத் தொங்கப் போட்டேன். நாரையை எடுத்துவிட்டார்கள், மகிழ்ச்சிதானே? என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவன் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. அவனும் அவன் மாமியாரின் நடையைத்தான் போட்டிருந்தானாம், பயந்துவிட்டான்.

டைரக்டர் சத்தம் போடவில்லை. "உங்க அப்பா தானே பார்த்து, தன் வாயால சரின்னு சொல்லணும். அண்ணன் சொன்னா போதாது, நீ சொன்னாலும் போதாது. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லைன்னா நாரையும் இல்லை, நீயும் இல்லை" என்றார். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று நீ சொல்கிறாய். தெரிந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்கிறார். நடுவில் நான்.

உன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. நான் அப்பாவைக் கேலி செய்தேனா இல்லையா என்று உனக்கு நிரூபிப்பதற்காக, நீ அனுப்பிய எல்லா வீடியோக்களையும் மறுபடி திறந்தேன். படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது, அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது. இப்போது பயமாக இருக்கிறது.

எல்லா வீடியோவும் ஒரே இடத்தில் முடிகிறது. அப்பா கதவிலிருந்து நடந்து வருகிறார், பிரிட்ஜுக்குக் கொஞ்சம் முன்னால் சிரிக்கிறார், நீ நிறுத்துகிறாய். சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், கடைசி இரண்டு மூன்று படங்களில் அவருடைய இடது முட்டி மடங்குகிறது. உடம்பு முன்னால் போய்விட்டது. அந்த நிலையிலிருந்து யாராலும் நிமிர முடியாது அண்ணா, இது எனக்கு இப்போது தெரியும். லிஃப்ட் கம்பெனியிலேயே இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

இன்னொன்று. அந்தக் கடைசிப் படங்களில் படமே ஆடுகிறது. ஓரத்தில் ஒரு கை வருகிறது. விரல் நுனி மட்டும். ஒவ்வொரு வீடியோவிலும். உன் கை.

அப்புறம் என்ன நடக்கிறது? நீ நிறுத்திய பிறகு?

நான் பொய் சொன்னேன், ஒத்துக்கொண்டேன். இப்போது உன் முறை.

வாண்டு

*

மார்ச் 12

வாண்டுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் நான், என் கை படத்தில் விழுந்ததை நானே பார்க்கவில்லை.

விழுகிறார். அதுதான் நடக்கிறது.

எல்லா முறையும் பிடித்துவிடுவேன் என்று சொல்ல முடியாது. போன மாதம் பிரிட்ஜ் கதவில் நெற்றி மோதி வீங்கிவிட்டது. அந்த ஞாயிறு வீடியோ வராததற்கு போன் கெட்டுப்போயிற்று என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ பார்த்ததெல்லாம் நன்றாக வந்தவை. ஒன்று நன்றாக வர எத்தனை எடுத்தோம் என்று கேட்காதே.

நான் மட்டும் செய்த வேலை இல்லை இது. எடுத்ததை அப்பாவே வாங்கிப் பார்ப்பார். "இது வேணாம், வாய் கோணலா இருக்கு. அது வேணாம், பயந்தவன் மாதிரி இருக்கேன். இதை அனுப்பு" என்பார். "அவ பார்த்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா. வேணாம்டா" என்பார். நானும் சரி என்றேன். நீ அங்கே லிஃப்ட் கம்பெனியில் பெரிய ஆளாக வருகிறாய் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். நீ அங்கிருந்து எங்களை ஏமாற்றினாய், நாங்கள் இங்கிருந்து உன்னை. நல்ல குடும்பம்.

கோபத்துக்குக் காரணம் நாரை மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாரை பஸ்ஸுக்குள் எவ்வளவு அழகாகக் கடைசிவரை நடந்து போய் நிற்கிறது! விழவே இல்லை. ஊரே பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறது. விழுகிறவரைத் தூக்குகிறவன் நான். எனக்கு முதுகு போய்விட்டது வாண்டு. சில நாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போகவே கால் வருவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அதுவும் இல்லை. இரண்டு வாரமாக வீடியோவே வேண்டாம் என்கிறார். நடக்கவும் மாட்டேன் என்கிறார். போனை எடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். இந்த நிலையில் அவர் முன்னால் போய் நாரையைக் காட்டு என்கிறாய். எனக்குத் தைரியமில்லை.

உன்னை வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்ல முடியவில்லை.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணா,

டைரக்டரிடம் வெள்ளிக்கிழமை சொல்லிவிடப் போகிறேன், நாரை வேண்டாம், நானும் வேண்டாம் என்று. அப்பாவிடம் எதுவும் காட்டாதே. கேட்கவும் கேட்காதே. சனிக்கிழமை மாமாவின் பஸ்ஸிலேயே வருகிறேன்.

தியாகி வேஷம் போடுகிறேன் என்று நினைக்காதே. அழுகையாக வருகிறது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த வேலையை விட்டால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன் விரல் நுனியை அத்தனை வீடியோவிலும் பார்த்த பிறகு, இங்கே உட்கார்ந்து நாரைக்குச் சிறகு போட முடியாது.

லிஃப்ட் கம்பெனியில் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். நம் ஊரிலேயே அவர்களுக்குக் கிளை இருக்கிறது.

உன் முதுகுக்கு ஏதாவது தைலம் தேய்த்துக்கொள். நான் வந்து தேய்க்கிறேன்.

வாண்டு

*

மார்ச் 14

வாண்டுக்கு,

இது வெள்ளிக்கிழமை காலை நீ ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன்னால் உன் கையில் இருக்க வேண்டும். மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். வழியில் டீ குடிக்கக்கூட நிறுத்த மாட்டாராம். முழுதும் படிக்காமல் யாரிடமும் எதுவும் சொல்லாதே.

நீ எழுதியதைக் கடையில் படித்துவிட்டு மதியமே கடையைச் சாத்தினேன். வீட்டுக்குப் போனால் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஷூ போட்டிருந்தார். இடது ஷூவின் நாடாவை மட்டும் கட்ட முடியாமல் விட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "அவ வேலையை விடப் போறாளா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?" என்றேன்.

"யார் சொல்லணும்? உங்க ரெண்டு பேர் கடுதாசியையும் சுமக்கிறவன் யாரு?"

ஹாரன் மாமா வாயில் ரகசியம் தங்கும் என்று நாம் நம்பினோமே, நம்மைச் சொல்ல வேண்டும். கடைக்கு வந்து என்னிடம் நாரையைக் காட்டுவதற்குச் சில நாள் முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறார். முதலிலிருந்தே அப்பாவுக்குத் தெரியும். நான் சுவருக்குப் பயந்து கடையில் உட்கார்ந்து கடிதம் எழுதியதெல்லாம் வீண். "நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார். வார்த்தை இன்னும் குழறுகிறது, ஆனால் அதட்டல் குழறவில்லை.

நான், "கஷ்டமா இருந்துச்சாப்பா?" என்றேன்.

நல்ல கையால் கட்டிலைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். அப்புறம், "இருந்துச்சு. காலை இழுக்குதேன்னு இல்லடா. அது நேரா போய் நிக்குது பாரு, அதுதான். என்னால அப்படிப் போய் நிக்க முடியலை. அந்தக் கொக்கைப் பார்த்த அப்புறம் எனக்கு நடக்கவே வெட்கமா போச்சு" என்றார். தான் நாரை என்பதை மறந்து கொக்கு என்றார், நான் திருத்தவில்லை. "அவ மேல தப்பு இல்லை. நாமதானே விழுந்ததை எல்லாம் வெட்டிட்டு அனுப்பினோம். நாம அனுப்பினதைத்தானே அவ போடுவா?"

பிறகு போனை எடுக்கச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது, வேண்டாம் என்றேன். கண்டக்டர் குரலில், "எடுறா" என்றார். "நிறுத்தாதே. என்ன ஆனாலும் கிட்ட வராதே."

நடந்தார். கதவிலிருந்து பிரிட்ஜ் பக்கம். சிரிக்கிற இடம் வந்தது, இந்த முறை சிரிக்கவில்லை. விழுந்தார். கை ஊன்றி விழுந்தார், பயப்படாதே, அடி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே. நான் ஒரு அடி வைத்துவிட்டேன். கீழே கிடந்தபடியே, "அங்கேயே நில்லு" என்றார். நின்றேன். அழுதேன், வீடியோவில் கேட்கும்.

ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். பிறகு புரண்டு, முழங்கையை ஊன்றி, நாற்காலிக் காலைப் பிடித்தார். அது நகர்ந்தது. கெட்ட வார்த்தை சொன்னார், அதையும் வெட்டவில்லை. மறுபடி பிடித்தார். முதலில் ஒரு முட்டி. அப்புறம் மற்றொன்று. எழுந்துவிட்டார், வாண்டு. யாரும் தொடாமல். நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மிச்சமிருந்த தூரத்தையும் நடந்து போய் பிரிட்ஜைத் தொட்டார். திரும்பி போனைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் விழப் போகிற அந்தக் கணத்திலேயே நான் கை நீட்டிவிட்டேன், வீடியோவையும் நிறுத்திவிட்டேன். அவரால் தானாக எழுந்திருக்க முடியும் என்று எனக்கே தெரியாது. அவருக்கும் தெரியாதாம், அவரே சொன்னார்.

உன் டைரக்டருக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டிக்கெட் எடுக்காம ஏறினவளை நடு வழியில இறக்கி விடறதுதான் என் வழக்கம். சொந்தப் பொண்ணுங்கறதால டிக்கெட் கிழிச்சுக் கொடுத்துட்டேன்னு சொல்லு. ஆனா ஒண்ணு. அந்தப் பறவை விழணும். விழுந்ததை வெட்டினா எழுந்ததும் சேர்ந்து போயிடும்." இதை போனிலும் அவர் வாயால் சொல்லியிருக்கிறார். வீடியோவின் கடைசியில் வரும், டைரக்டரிடம் காட்டு.

சனிக்கிழமை வா. அப்பாவைப் பார்க்க வா, தங்க வராதே. உன் லிஃப்ட் கம்பெனியின் கிளை எங்கேயும் ஓடிவிடாது, நீ அதைத் தேட வேண்டாம். நீ திரும்பிப் போனபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் முறைக்கு ஆள் வைக்கலாமா என்று பேசலாம். மாமாவே வருகிறேன் என்கிறார். வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

வீடியோ உன் போனுக்கு வந்திருக்கும். உன் வழக்கப்படி அதைப் படம் படமாகப் பிரித்துப் பார். ஓரத்தில் என் கை வருகிறதா என்று தேடுவாய். வராது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்